எடை இறங்கவில்லையா? அறிகுறியைச் சொல்லுங்கள், பழுது எங்கே என்று பார்ப்போம்

எடையைக் குறைக்க நான் நான்கு முறை முயன்றிருக்கிறேன். முதல் மூன்று முறையும் குறைந்தது, மூன்று முறையும் வட்டியோடு திரும்பி வந்தது. நான்காவது முறை போன ஒன்பது கிலோ ஆறு ஆண்டுகளாகத் திரும்பவில்லை. அதிலிருந்து தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது வந்து, "நீங்கள் எந்த டயட் இருந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்கு எந்த நேரத்தில் கெட்டுப்போகிறது?"

பெரும்பாலும் பழுது உணவு முறையின் பெயரில் இருப்பதில்லை. நாளின் ஏதோ ஒரு மணி நேரத்தில், சமையலறையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் முறையை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். எனவே கீழே உங்கள் அறிகுறியைத் தேடி அங்கே நேராகப் போங்கள். காரணங்களை எளிதில் சரிசெய்யக் கூடியதில் தொடங்கி, பணமும் நேரமும் அதிகம் கேட்பது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

நான் மருத்துவத் துறையில் இருப்பவன் அல்ல. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உணவுப் பழக்கக் கோளாறுக்கு முன்பு சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு இங்கே வரவும்.

## கையில் இருக்க வேண்டியவை

எடை இயந்திரம், அளவு நாடா, சமையல் தராசு, ஒரு நோட்டு. காலையில் கழிப்பறை போய்வந்த பின், எதுவும் சாப்பிடும் முன், எடை பார்த்து எழுதுங்கள். தினசரி எண்ணைப் பார்த்து மகிழவோ அழவோ வேண்டாம். ஏழு நாள் சராசரிதான் கணக்கு. வாரம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்துகொள்ளுங்கள்.

இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், குறைந்தது 14 நாள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

## அறிகுறி 1: முதல் வாரம் மளமளவென்று இறங்கியது, பிறகு நின்றுவிட்டது

பழுதே இல்லை. இதுதான் மிக அடிக்கடி வரும் விடை. உடல் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. அந்தச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் காலியாவது இதுதான். முதல் வாரத்தில் போன இரண்டு கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். அதை வழக்கமான வேகம் என்று நம்பியதால்தான் இரண்டாம் வாரம் ஏமாற்றமாகத் தெரிகிறது. அதன் பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ என்பதே நல்ல வேகம்.

கொழுப்பு குறைகிறது, தண்ணீர் மறைக்கிறது. உப்பு மிகுந்த ஒரு விருந்து, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி, மூன்று நாள் மலச்சிக்கல், இவை ஒவ்வொன்றும் அரைக் கிலோவையும் தாண்டி ஏற்றிக் காட்டும். சோதனை: நான்கு வாரச் சராசரியை வரிசையாக எழுதுங்கள். பெண்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இடுப்பளவு குறைந்துகொண்டிருந்தால் எதையும் தொடாதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது: இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், அல்லது படுத்தால் மூச்சு வாங்கினால் அன்றைக்கே போங்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று கேட்கும் உதவியாக இருக்கலாம். உணவு முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

## அறிகுறி 2: குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், நான்கு வாரமாக முள் அசையவில்லை

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்சி. பாதிப்பேரும் முதல் வாக்கியத்திலேயே தைராய்டு என்கிறார்கள். தைராய்டை நான் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான்.

எழுதப்படாத வாய்கள். 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. "நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை" என்று சொன்னவர்களை எடுத்து, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உடல் கலோரியை எரிக்கும் வேகத்தில் கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. வாய்க்குப் போனதெல்லாம் மனத்துக்குப் போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

என் அக்காவின் நோட்டு அப்படித்தான் இருந்தது. மூன்று வேளைச் சாப்பாடும் மணிமணியான எழுத்தில். ஒரு நாள் முழுக்க அவள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அடுப்பில் இருப்பதை உப்புப் பார்க்க மூன்று கரண்டி. பிள்ளை பாதியில் விட்டுப்போன தட்டை, "வீணாகப் போகிறதே" என்று நின்றபடியே முடித்தாள். டப்பாவை மூடுவதற்கு முன் ஒரு பிடி கொட்டைப் பருப்பு. மூடிய பின் மறுபடி திறந்து இன்னொரு பிடி. மாலையில் நோட்டைப் பார்த்தால் இதில் ஒன்றுகூட இல்லை. "அதெல்லாம் சாப்பாடா?" என்றாள்.

பிறகு எண்ணெய்ப் புட்டியைத் தராசில் வைத்தோம். திங்கட்கிழமை காலை 910 கிராம், அடுத்த திங்களன்று 420. மூன்று பேர் சாப்பிடும் வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஆக 210 கலோரி. நோட்டில் அவள் எழுதியிருந்தது "எண்ணெய், ஒரு தேக்கரண்டி", அதாவது 40. எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணெயை ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவது, பிள்ளையின் தட்டில் முதலிலேயே குறைவாக வைப்பது. இந்த இரண்டை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டிரண்டு வாரம் பார்த்தாள். ஐந்தாவது வாரம் முள் அசைந்தது.

சோதனை: ஏழு நாள், வாய்க்குள் போகும் முன்பே எழுதுங்கள். சாப்பிட்ட பின் எழுதினால் மறதி தணிக்கை செய்துவிடும். எண்ணெய், வெண்ணெய், கொட்டை வகைகள், சர்க்கரை ஆகிய நான்கை மட்டும் தராசில் நிறுத்தால் போதும். கீரையை நிறுக்க வேண்டியதில்லை.

குடிக்கும் கலோரி. பழச்சாறு, சர்க்கரை போட்ட காபி, தேநீர், குளிர்பானம். வயிறு இவற்றைச் சாப்பாடாகக் கணக்கு வைப்பதில்லை, இடுப்பு வைக்கிறது. மது கிராமுக்கு 7 கலோரி. கூடவே வரும் கொறிப்புகள் தனி.

வார இறுதி. ஐந்து நாள், நாளுக்கு 400 கலோரி குறைத்தால் 2,000 மிச்சம். இரண்டு நாள், நாளுக்கு 800 கூடினால் 1,600 செலவு. வாரக் கடைசியில் கையில் நிற்பது 400. ஐந்து நாள் பட்டினி கிடந்த அலுப்பு மட்டும் முழுசாக இருக்கும்.

மருந்துகள். ஸ்டீராய்டு, இன்சுலின், சல்போனில்யூரியா வகை நீரிழிவு மாத்திரைகள், மனநலத்துக்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மருந்துகள் எடையை ஏற்றக் கூடியவை. எடை ஏறத் தொடங்கிய மாதமும் மருந்து தொடங்கிய மாதமும் ஒன்றுதானா என்று பழைய மருந்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு எழுதித் தந்தவரிடமே போங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஹார்மோன். இப்போது தைராய்டு. குளிர் தாங்காமை, உலர்ந்த தோல், மலச்சிக்கல், எப்போதும் அசதி ஆகியவை சேர்ந்திருந்தால் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், எளிய பரிசோதனைதான். ஆனால் தைராய்டு குறைவு ஏற்றும் எடை பெரும்பாலும் சில கிலோக்கள், அதிலும் நிறைய உப்பும் தண்ணீரும். இருபது கிலோவை அதன் தலையில் கட்ட முடியாது. மாதவிடாய் தவறுவது, முகத்தில் முடி வளர்வது இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறா என்று பெண்கள் பார்க்க வேண்டும். முகம் உருண்டு, வயிற்றில் அகலமான ஊதா வரிகள் விழுந்து, தொட்டாலே தோலில் இரத்தம் கன்றி, உட்கார்ந்து எழத் தொடையில் வலுவில்லை என்றால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். அரிதான நோய், ஆனால் தவறவிடக் கூடாதது.

## அறிகுறி 3: மாலை வரை கட்டுப்பாடு, இரவில் கட்டவிழ்ந்துவிடுகிறது

இது என் சொந்தப் பழுது. முதல் மூன்று தோல்வியும் இதே இடத்தில்தான். இரவு பத்தே முக்கால், வீடு இருட்டு, ஃபிரிட்ஜ் விளக்கு மட்டும் முகத்தில் அடிக்கிறது. கதவைத் திறந்து பிடித்தபடி, தட்டில்கூடப் போடாமல், பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிடுவேன். மன உறுதி இல்லை என்று என்னை நானே திட்டிக்கொண்ட ஆண்டுகளை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பகலில் போதவில்லை. சோதனை: பிற்பகல் மூன்று மணிக்குள் அன்றைய சாப்பாட்டில் எத்தனை பங்கு முடிந்தது? கால் பங்குதான் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். பட்டினி போட்டால் மனம் சாப்பாட்டைச் சுற்றும். இது குணக்கேடு அல்ல. காலை, மதியச் சாப்பாட்டைப் பெரிதாக்கி இரண்டு வாரம் பாருங்கள். கணக்கில் கூட்டுவதுபோல் தெரியும். இரவில் அதற்கு மேல் குறையும்.

வயிறு நிறைந்தது, பசி தீரவில்லை. புரதமும் நார்ச்சத்தும் குறைந்தால் இப்படி. எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் நல்ல இலக்கு. 70 கிலோ என்றால் 84 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், எண்ணாமல் எட்டக் கூடிய அளவல்ல என்பது புரியும். பருப்பு, தயிர், மீன், முட்டை, எது பழக்கமோ அதை ஒவ்வொரு வேளையிலும் முதலில் தட்டில் வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த எண்ணைப் பின்பற்ற வேண்டாம்.

தூக்கம். 2022இல் வெளியான ஒரு சோதனையில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் பழக்கமுள்ள, எடை கூடிய இளவயதினருக்குத் தூக்கத்தை மட்டும் நாளுக்குச் சுமார் 1.2 மணி நேரம் கூட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை அறிவுரை கிடையாது. நாளுக்கு ஏறத்தாழ 270 கலோரி தானாகக் குறைந்தது. காசு கேட்காத மருந்து. என்னைப்போல் இரவில் திரையைப் பார்த்து உட்காருகிறவர்களுக்குத்தான் கசக்கும்.

கைக்கெட்டும் பொட்டலம். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் எளிய உணவும் வேண்டிய அளவு கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் சமம். ஆனாலும் பதப்படுத்திய உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போயிற்று. மடியில் வைத்துக்கொண்டு விரதம் இருப்பதைவிட, வாங்காமல் இருப்பது எளிது.

அது பசியே அல்ல. என் சோதனை: வெறுமே வேகவைத்த காய் இப்போது கிடைத்தால் சாப்பிடுவேனா? ஆம் என்றால் பசி. உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடுவேன். இல்லை என்றால் அலுப்போ வருத்தமோ தூக்கமோ. அதற்குச் சாப்பாட்டைத் தவிர வேறு ஏதாவது தேட வேண்டும். எனக்கு அது பல் துலக்குவது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

மருத்துவரிடம் எப்போது: நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும் அளவுக்கு, யாரும் பார்க்காதபடி சாப்பிடுவது வாரம் ஒரு முறையாவது என்று மாதக்கணக்கில் நீடித்தால், சாப்பிட்டதை வாந்தியெடுத்தோ பேதி மாத்திரை போட்டோ வெளியேற்றத் தோன்றினால். இதற்கு மனநல மருத்துவர் தேவை. புதிய டயட் இந்த நிலையில் நோயை வளர்க்கும்.

## அறிகுறி 4: எடை குறைகிறது, ஆனால் உடம்பு சரியில்லை

வேகம் அதிகம். முதல் இரண்டு வாரம் கழிந்த பிறகும் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் போனால் சாப்பாட்டைக் கூட்டுங்கள். ஆம், கூட்டுங்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு ஏறுகிறது. நாளுக்கு 800 கலோரிக்கும் கீழான உணவு மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும்தான்.

மலச்சிக்கல்: நார்ச்சத்து குறைந்திருக்கும், அல்லது நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டிவிட்டுத் தண்ணீரை மறந்திருப்பீர்கள். முடி கொட்டுதல்: வேகமாக எடை இழந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வரும், எனவே இந்த வாரம் சாப்பிட்டதில் காரணத்தைத் தேட வேண்டாம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதியுங்கள். பலவீனம்: தசை போகிறது. புரதமும், வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும்.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? இரத்த அழுத்த மருந்து எடுப்பவர் என்றால், உடல் இளைத்ததால் பழைய அளவு இப்போது மிகுதியாகியிருக்கலாம். இன்சுலினோ சல்போனில்யூரியாவோ எடுப்பவர்களுக்கு நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் முதல் வேலை இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது. 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை, பிறகு மருத்துவர். கருவி கையில் இல்லையென்றால் சர்க்கரையை முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை: மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, சாப்பிட்ட பின் வலது மேல்வயிற்றில் கடும் வலி, மாதவிடாய் நின்றுபோவது.

## அறிகுறி 5: எந்த முறையும் மூன்று மாதத்துக்கு மேல் நிலைப்பதில்லை

இரவல் முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பு குறைந்த உணவும் இன்னொன்றுக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு பழக்கினார்கள். முடிவு 2018இல் வந்தது. சராசரி இழப்பு 5.3 கிலோ, 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரே பிரிவுக்குள்ளேயே சிலர் இருபது கிலோவுக்கு மேல் இழந்தார்கள், சிலர் எடை கூடினார்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை மரபணுவை வைத்தும் இன்சுலின் சுரப்பை வைத்தும் முன்கூட்டிச் சொல்ல முயன்றார்கள், முடியவில்லை. ஆகவே "உங்கள் மரபணுவுக்கேற்ற டயட்" என்று யாராவது விற்க வந்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

ஆய்வகம் சொல்ல முடியாததை உங்கள் நோட்டு சொல்லும். மூன்று கேள்விகள். உங்களுக்கு உண்மையான பசி எத்தனை மணிக்கு? எதை விட்டால் பத்தாம் நாள் அதுவே கனவில் வருகிறது? சமைப்பது யார்? காலையில் பசியே இல்லாதவர் காலை உணவைத் தள்ளிப்போடலாம். ஆறு மணிக்கே வயிறு கூவுகிறவர் பதினாறு மணி நேர விரதத்தில் இறங்குவது வீண் வதை. எனக்கு இரவில் இனிப்பு இல்லாமல் முடியாது. மூன்று முறை அதை ஒழிக்கப் பார்த்தேன். நான்காவது முறை இரவு உணவோடு சேர்த்தே சிறு துண்டு ஒன்றைத் தட்டில் வைத்தேன். சண்டை ஓய்ந்தது.

மோசமான நாள் சோதனை. வேலை இழுத்தடித்து, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், சமைக்கத் தெம்பில்லை. அன்று என்ன சாப்பிடுவீர்கள்? பத்து நிமிடத்தில் முடியக் கூடிய ஒரு சாப்பாட்டை இப்போதே தீர்மானித்து, அதற்கான பொருள் எப்போதும் வீட்டில் இருக்கும்படி செய்யுங்கள். நல்ல நாளில் எல்லா டயட்டும் வேலை செய்யும். இந்தச் சோதனையில் தோற்கிற முறை மூன்று மாதம் தாண்டாது.

இரண்டு முறை நேர்மையாக முயன்றும் சறுக்கினால் தகுதி பெற்ற உணவியல் நிபுணரிடம் நோட்டோடு போங்கள். நோட்டைப் பார்க்காமலேயே அச்சடித்த அட்டவணையை நீட்டுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

## அறிகுறி 6: போன எடை திரும்பி வருகிறது

எடை பார்ப்பதை நிறுத்தியிருப்பீர்கள். வாரச் சராசரி குறைந்தபட்ச எடையைவிட இரண்டு கிலோ தாண்டினால் நோட்டைத் திறப்பது என்று எல்லை வையுங்கள். எட்டு கிலோ ஏறிய பிறகு திறக்க மனம் வராது.

பழைய அளவுக்குத் திரும்பியிருப்பீர்கள். இளைத்த உடலுக்கு முன்பைவிடக் குறைவான கலோரியே செலவாகும். பசியோ முன்பைவிடக் கூடும். இந்த இடைவெளியைத் தினசரி நடையும் புரதமும் ஓரளவு நிரப்பும், முழுவதுமாக அல்ல.

மருந்தை நிறுத்தியிருப்பீர்கள். பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு ஊசியை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு, நிறுத்திய ஓராண்டில் திரும்பியது என்று அதன் தொடர் ஆய்வு காட்டியது. நிறுத்துவதும் தொடர்வதும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை.

உடல் நிறை குறியீடு 30ஐத் தாண்டி, அல்லது அதற்குக் கீழேயே நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை ஏதேனும் இருந்து, மூன்றாவது முறையாக எடை திரும்புகிறது என்றால், மருந்தோ அறுவை சிகிச்சையோ கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

## அறிகுறி 7: ஒன்றுமே செய்யவில்லை, எடை தானாகக் குறைகிறது

பாராட்டுகளை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். முயலாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம், 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ, போயிருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு, தைராய்டு மிகுதி, காசநோய், குடல் கோளாறு, மனச்சோர்வு, புற்றுநோய் என்று அவர் பார்க்க வேண்டிய பட்டியல் நீளமானது. போகும்போது கடைசி ஓராண்டில் எப்போது எவ்வளவு எடை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எடை பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் பெல்ட்டை எடுத்துப் போகலாம். எத்தனை துளை உள்ளே வந்திருக்கிறது என்பதைக் காட்டினாலே அவருக்குப் புரியும்.